அத்தைக்கு வாழ்த்து, அரேத்தாவுக்கு நினைவு

அமெரிக்காவின் ‘சோல்’ (soul) இசைப் பாடகி அரேத்தா ஃபிராங்க்ளின் பிறந்தது 1942 மார்ச் 25. உங்கள் அத்தைக்கோ பெரியம்மாவுக்கோ அந்த வாரத்தில் பிறந்தநாள் வந்தால், இருவரையும் ஒரே வாழ்த்தில் சேர்த்துவிடலாம். ‘அன்பானவர், பண்பானவர்’ எல்லாம் வேண்டாம். அது யாருக்கும் பொருந்தும். டெட்ராய்ட்டில் அப்பாவின் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர் அரேத்தா. 14 வயதிலேயே அவர் குரல் பதிவாகிவிட்டது. அத்தையிடமிருந்தும் அப்படி ஒரு காட்சியை எடுங்கள். வேலைக்கு நடுவே எந்த வரியை முணுமுணுப்பார், எந்த இடத்தில் குரல் தழுதழுக்கும்? அதை மட்டும் நாலு வரியில் எழுதினால் போதும். அப்புறம், உங்கள் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள். எனக்கு அச்சு அட்டையைவிட இதுதான் பிடிக்கும். பின்னணியில் அரேத்தா மெதுவாகப் பாடட்டும். உங்கள் பேச்சை அமுக்கிவிடாத அளவுக்கு.