ரெகே கேட்க ஜப்பான் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசை பிடித்தவர்கள் ஜப்பான் பயணத்துக்குத் திட்டம் போடும்போதும் கியோட்டோ கோயில்களும் ஃபுஜி மலையும்தான் முதலில் வந்து உட்காரும். நேரம் மிஞ்சினால் ஒரு ரெக்கார்டு கடை, ஒரு ராத்திரி கிளப் என்று கடைசியில் ஒட்டிக்கொள்வார்கள். கெடுவதும் பெரும்பாலும் அந்த ஒட்டுப்போட்ட பகுதிதான். ரெகே அங்கே நள்ளிரவுக்கு மேல்தான் சூடுபிடிக்கிறது. ரயிலோ நள்ளிரவை ஒட்டி நின்றுவிடுகிறது. சட்டம் கறார். ரெக்கார்டு சுழற்ற ஆசையாக வாங்கும் டர்ன்டேபிளுக்கு மின்சாரமே வேறு.

ஜப்பான் ரெகே ஜமைக்காவின் நகல்தானே என்று போவது

இந்த நினைப்போடு போனால் எதைத் தேடுவது என்றே தெரியாது. ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி 1979 ஏப்ரலில் ஜப்பானுக்கு வந்து பாடினார். எண்பதுகளில் மியூட் பீட் குழு டிரம்பெட்டை முன்னால் வைத்து டப் (குரலைக் குறைத்து எதிரொலி கூட்டிய ரெகே வகை) வாசித்தது. யோகோஹாமாவின் மைட்டி கிரவுன் என்ற சவுண்டு (ஸ்பீக்கர் கட்டி ரெகே தட்டுகள் போடும் குழு) 1999இல் நியூயார்க்கில் நடந்த வேர்ல்டு கிளாஷ் என்ற போட்டியில், ஜமைக்காவின் பெரிய சவுண்டுகளை எதிர்த்து ஜெயித்தது. 2002இல் ஜமைக்காவின் டான்ஸ்ஹால் (ரெகேயிலிருந்து கிளைத்த ஆட்ட இசை) குயின் பட்டமே ஜுன்கோ குடோ என்ற ஜப்பானியப் பெண்ணுக்குப் போனது.

அதைவிடச் சுவாரசியமானது ஜப்பானின் கேசியோ நிறுவனத்தின் கதை. 1985இல் ஜமைக்கா இசையை டிஜிட்டல் பக்கம் திருப்பிய ‘ஸ்லெங் டெங்’ ரிதம் (பல பாடல்களுக்கு அடியில் ஓடும் இசை), கேசியோவின் எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஏற்கெனவே இருந்த ‘ராக்’ தாளத்திலிருந்து பிறந்தது. அந்தத் தாளத்தை அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா. கல்லூரியில் ரெகே பற்றியே ஆய்வுக்கட்டுரை எழுதிவிட்டு 1980இல் கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர்.

ஆகவே டோக்கியோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். யோகோஹாமா அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். ஒசாகாவில் அமெரிக்காமுரா என்ற கடைவீதிப் பக்கம் ஒரு மாலையை ஒதுக்கலாம். திறந்தவெளி ரெகே நிகழ்ச்சிகளுக்குக் காலம் கோடை. செர்ரிப் பூவுக்காக ஏப்ரல் தொடக்கத்தில் டிக்கெட் போட்டுவிட்டு ரெகே விழாவையும் தேடினால் ஏமாற்றம்தான்.

நிகழ்ச்சித் தேதியைத் தப்பாகப் படிப்பது

ஜப்பானிய நோட்டீஸ்களில் மணி 24ஐத் தாண்டியும் ஓடும். சனிக்கிழமை என்று போட்டு 26:00 என்று இருந்தால் அது ஞாயிறு அதிகாலை 2 மணி. சனி அதிகாலையிலேயே போய் மூடிய கதவைப் பார்த்து நிற்பவர்களும் உண்டு, ஞாயிறு ராத்திரி போய் நிற்பவர்களும் உண்டு.

கதவு இரவு 10 அல்லது 11க்குத் திறந்தாலும், பெயர் பெற்ற செலக்டர் (தட்டு போடுபவர்) மேடையேறுவது பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல். பெருநகரங்களில் கடைசி ரயில் 12க்கும் 12:30க்கும் இடையில் போய்விடும். அடுத்தது அதிகாலை 4:30, 5 மணிக்குத்தான். இடையில் டாக்சி பிடித்தால் இரவு 10 முதல் காலை 5 வரை கட்டணம் 20 சதவீதம் கூடுதல். அறையைக் கிளப்புக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள், இல்லையென்றால் முதல் ரயில்வரை இருப்பது என்று முடிவுசெய்துகொண்டு போங்கள். பாதியில் எழுந்து ஓடுவதுதான் இரண்டிலும் சேராத நஷ்டம்.

வாசலில் பாஸ்போர்ட் கேட்பார்கள். போனில் எடுத்த படமும் ஜெராக்ஸும் பொதுவாகச் செல்லாது. வயது வந்தோர் வரம்பு 2022 ஏப்ரலில் 18 ஆகக் குறைந்தாலும் மது, புகைக்கு 20தான்; பெரும்பாலான கிளப்களும் அதையே வைத்திருக்கின்றன. எப்படியும் குறுகிய காலப் பயணிகள் அசல் பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நுழைவுக் கட்டணத்தோடு ஒரு பானத்துக்கான காசைத் தனியாக வாங்கும் வழக்கமும் உண்டு. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன பாரில் ஆடத் தொடங்கியதும் ஊழியர் வந்து நிறுத்தச் சொன்னால் முகம் சுளிக்க வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் மதுவோடு ஆட்டத்தையும் அனுமதிக்கத் தனி உரிமம் வேண்டும். 2016 ஜூனில்தான் அந்த வழியே திறந்தது. அதற்கும் உள்ளே வெளிச்சம் 10 லக்ஸுக்கு மேல் இருக்க வேண்டும். உரிமம் இல்லாத கடைக்காரர் உங்களுக்காக அபராதம் கட்ட மாட்டார்.

கஞ்சா

இதில் சலுகையே இல்லை. 2024 டிசம்பர் 12 முதல் வைத்திருப்பது மட்டுமல்ல, புகைத்திருப்பதும் குற்றம். 7 ஆண்டுவரை சிறை. கைது செய்தால் குற்றச்சாட்டு பதிவாகும் முன்பே 23 நாள்வரை உள்ளே வைக்கலாம். அதிகம் பேர் யோசிக்காதது சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத பொருள்) எண்ணெயும் மிட்டாயும். பாங்காக் வழியாகப் போகிறவர்கள் அங்கே கடையில் வாங்கியதை மறந்துபோய்ப் பையிலேயே வைத்திருப்பார்கள். எண்ணெயில் போதை தரும் டிஎச்சி 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), மிட்டாய் போன்றவற்றில் 1 பிபிஎம் தாண்டினாலே அது போதைப்பொருள் கணக்கு. லேபிளை நம்பி எடுத்துப்போகும் அளவு அல்ல அது.

ரெக்கார்டு கடையில்

பழைய ரெக்கார்டுகளின் தரத்தை உறைக்குத் தனியாகவும் தட்டுக்குத் தனியாகவும் எழுத்தில் குறித்திருப்பார்கள். உறையின் எழுத்தைத் தட்டின் எழுத்தாக எடுத்துக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். ஜமைக்காவில் அச்சான பழைய 7 இன்ச் தட்டு கீறலே இல்லாவிட்டாலும் சரசரக்கலாம். பழைய தட்டுகளை உருக்கிய பிளாஸ்டிக் கலந்து அச்சிட்டவை நிறைய. பார்வைக்குப் பளபளப்பாக இருப்பதை நம்பாமல், கேட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். நீங்களாக டர்ன்டேபிளில் கை வைக்காதீர்கள். டப் ஸ்டோர் போன்ற டோக்கியோ நிறுவனங்கள் முறையாக உரிமம் வாங்கி மறுபதிப்பு போட்டிருக்கும் பாட்டுக்கு, அசல் தட்டென்று கொள்ளை விலை கொடுப்பது சேகரிப்பாளருக்கு நியாயம், கேட்கிறவருக்கு வீண்.

இந்த 7 இன்ச் தட்டுகளின் நடு ஓட்டை 38 மில்லிமீட்டர் இருக்கும். அந்த ஓட்டையை நிரப்பும் அடாப்டர் இல்லையென்றால் ஊருக்கு வந்து பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். அங்கேயே இரண்டு வாங்கிவிடுங்கள்.

உறையோடு ஒரு எல்பி (12 இன்ச் தட்டு) 200 முதல் 300 கிராம். 20 வாங்கினால் 5 கிலோ. 7 கிலோ கைப்பை அனுமதிக்கும் விமானத்தில் மிச்சம் 2 கிலோ. கட்டும்போது தட்டை அட்டை உறையிலிருந்து எடுத்து, உள்ளுறையோடு அட்டைக்குப் பின்னால் வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். அட்டைக்குள்ளேயே விட்டால், பெட்டி இடிபடும்போது தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டைக் கிழித்துவிடும்.

வரிவிலக்கு ஒரே கடையில், ஒரே நாளில், வரி நீங்கலாகக் குறைந்தது 5,000 யென்னுக்கு வாங்கினால்தான். அதுவும் உரிமம் உள்ள கடைகளில் மட்டும். 2026 நவம்பர் 1 முதல் 10 சதவீத வரியையும் சேர்த்துக் கட்டி, கிளம்பும்போது சுங்கத்தில் பொருளைக் காட்டிய பிறகு திரும்பப் பெறும் முறை. ரெக்கார்டுகளை லக்கேஜில் போட்டு அனுப்பிவிட்டு அங்கே போய் நிற்காதீர்கள்.

டர்ன்டேபிள் வாங்கினால்

ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட். அங்கே விற்கும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் பெரும்பாலும் அதற்கென்றே செய்தது. நம் ஊர் 230இல் நேராகச் செருகினால் அன்றோடு போச்சு. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும், இங்கே எளிதில் கிடைக்கும் 110 வோல்ட் வகை இல்லை, 100 வோல்ட் வகை. டர்ன்டேபிளுக்கு மட்டும் 50 விஏ (டிரான்ஸ்பார்மரின் திறன் அளவு) தாராளம்.

பெல்ட் டிரைவ் (மோட்டார் ஒரு பட்டையால் தட்டைச் சுழற்றும் வகை) என்றால் இன்னொரு சிக்கல். டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பழைய மாடல் மின்சாரத்தின் ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். ஒசாகாவில் 60க்கான புல்லியோடு (மோட்டாரில் பட்டை மாட்டும் சின்னச் சக்கரம்) வாங்கிவந்து நம் 50இல் ஓட்டினால் 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், டிரான்ஸ்பார்மர் இதைச் சரிசெய்யாது. புல்லி எதற்கானது என்று கடையிலேயே கேளுங்கள். பட்டை இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் குவார்ட்ஸ் டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை, வோல்ட் மட்டும்தான். எதுவும் வேண்டாம் என்றால் நாகோகா அல்லது ஆடியோ-டெக்னிகா கார்ட்ரிட்ஜும் (ஊசியைத் தாங்கும் பாகம்) ஊசியும் வாங்கலாம். அவற்றுக்கு எந்த ஊர் மின்சாரமும் ஒன்றுதான், சட்டைப்பையிலேயே வந்துவிடும்.