பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியின் தடுப்பாட்டத்தையும் தரநிலையையும் பற்றி வாதாடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்தாட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் மலையகத்தில் பெருங்கூட்டமாக இல்லை. ஆனாலும் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ அப்படிப்பட்ட இருவர் சந்தித்துக்கொண்டால் வாதம் தொடங்கிவிடுகிறது. அந்த வாதம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளில் வந்து நிற்கும்: நமக்குப் பிடித்த அணியின் தடுப்பாட்டம் உண்மையிலேயே அவ்வளவு நல்லதா? நல்லதென்றால் தரவரிசையில் அது ஏன் இன்னும் மேலே இல்லை? இவை வெவ்வேறு கேள்விகள். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்குக் காட்டுவதால்தான் பேச்சு முடிவில்லாமல் நீள்கிறது. ஆகவே தடுப்பாட்டத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

நம்மில் பலர் பாடசாலையில் ஆடியது வலைப்பந்து. 2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றதும் அந்த ஆட்டத்தில்தான். அதில் பழகிய கண்ணோடு கூடைப்பந்தைப் பார்த்தால் தடுப்பாட்டத்தில் பாதி தவறிப்போகும். வலைப்பந்தில் பந்து வைத்திருப்பவர் அதைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது, மூன்று வினாடிக்குள் கொடுக்கவோ எறியவோ வேண்டும், தடுப்பவர் 0.9 மீட்டர் தள்ளி நின்று கையை உயர்த்த வேண்டும். எனவே அங்கே தடுப்பாட்டம் என்பது பெரும்பாலும் பந்து போகும் வழியை மறிப்பதுதான். கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டே தடுப்பவரைக் கடந்து போகலாம். மிகச் சிறந்த வீராங்கனையைக்கூட ஒருவர் கடந்துவிடுவார் என்பதால், கடந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே அணியின் தரத்தைக் காட்டும். கூடைக்கு அருகில் நிற்கும் இரண்டாமவர் எந்த நொடியில் குறுக்கே வருகிறார், அவர் விட்டுவந்த ஆளை மூன்றாமவர் எப்போது பொறுப்பேற்கிறார் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பந்து இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஓர் ஆட்டத்தின் ஒரு காற்பகுதியையாவது அப்படிப் பார்த்தவர் பேசும் பேச்சுக்கு, முக்கியக் காட்சிகளின் தொகுப்பை மட்டும் பார்த்தவர் பேசும் பேச்சைவிட எடை அதிகம். தொகுப்புகளில் பந்தைப் பறித்ததும் எறிவைத் தட்டிவிட்டதும் இருக்கும். சரியான இடத்தில் நின்றதால் எதிரணி எறியவே துணியாத நொடிகள் இருக்காது.

இன்னும் இரண்டு வேறுபாடுகளையும் மனத்தில் வையுங்கள். வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகை கிடையாது, எறிய உரிமை உள்ளவர்களும் இருவரே. கூடைப்பந்தில் ஐவரும் எறியலாம். தவறிய பந்து பலகையிலும் வளையத்திலும் பட்டு ஆடுகளத்துக்கே திரும்பும். அதனால் எதிரணியின் எறிவைத் தவறச் செய்வதோடு தடுப்பாட்டம் முடிவதில்லை. அப்படித் திரும்பும் பந்து, அதாவது ரீபவுண்ட், கைக்கு வந்தால்தான் முடிந்தது.

அடுத்தது கணக்கு. “ஓர் ஆட்டத்துக்கு 60 புள்ளிதான் கொடுக்கிறார்கள்” என்பது எல்லாரும் முதலில் காட்டும் சான்று. என் பார்வையில் மிகப் பலவீனமான சான்றும் அதுவே. மெதுவாக ஆடும் அணியிடம் எதிரணிக்கும் பந்து குறைந்த தடவையே கிடைக்கும், ஆகவே புள்ளியும் குறையும். பந்து ஓர் அணியின் கைக்கு வந்து மறு அணியிடம் போகும் வரையுள்ள ஆட்டத்தை ஒரு வாய்ப்பு என்று கொள்வோம். எதிரணிக்கு எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன என்பதை ஆட்டத்தின் புள்ளிவிவரத் தாளிலிருந்தே மதிப்பிடலாம். ஃபவுலுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோக்களை விட்டுவிட்டு, எதிரணி கூடையை நோக்கி எறிந்த எறிவுகளிலிருந்து அது தன் எறிவுகளில் தானே மீட்ட ரீபவுண்டுகளைக் கழியுங்கள். அது எறியாமலே இழந்த பந்துகளைக் கூட்டுங்கள். ஃப்ரீ த்ரோக்களை 0.475ஆல் பெருக்கி அதையும் கூட்டுங்கள்.

கற்பனையாக இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். முதல் அணி 72 புள்ளி கொடுத்தது. அதன் எதிரணி 66 எறிவுகள் எறிந்து, அவற்றில் 10 ரீபவுண்டுகளை மீட்டு, 16 தடவை பந்தை இழந்து, 18 ஃப்ரீ த்ரோ எறிந்தது. அப்படியானால் வாய்ப்புகள் ஏறத்தாழ 80.5, நூறு வாய்ப்புக்கு 89 புள்ளி. இரண்டாவது அணி 60 புள்ளிதான் கொடுத்தது. ஆனால் அதன் எதிரணியின் கணக்கு 55 எறிவு, 9 ரீபவுண்டு, 11 இழப்பு, 12 ஃப்ரீ த்ரோ என்றால் வாய்ப்புகள் 62.7, நூறுக்கு ஏறக்குறைய 96 புள்ளி. அதாவது 72 கொடுத்த அணியே நன்றாகத் தடுத்திருக்கிறது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் தேநீர்க்கடை வாதங்களில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதிக்கு, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். எதிரணி எவ்வளவு கடினமான எறிவுகளை எறிய நேர்ந்தது, எத்தனை தடவை பந்தை இழந்தது, தவறிய பந்துகளில் எத்தனையை மீட்டது, எத்தனை தடவை ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனது ஆகிய நான்கும்தான் தடுப்பாட்டம். நான்கிலும் ஒருசேரச் சிறக்கும் அணி அரிது. ஆடுகளம் முழுவதும் துரத்தி அழுத்தம் கொடுக்கும் அணி பந்தை நிறையப் பறிக்கும், ஃபவுலும் நிறையச் செய்யும். 2015-16 பருவத்திலிருந்து பெண்கள் கல்லூரி ஆட்டம் பத்து நிமிடக் காற்பகுதிகள் நான்காக ஆடப்படுகிறது. ஒரு காற்பகுதியில் ஓர் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள் கிடைக்கும். எனவே ஒவ்வொரு காற்பகுதியிலும் அந்த ஐந்தாவது ஃபவுல் எந்த நிமிடத்தில் வந்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் குறித்துவையுங்கள். மூன்றாம் நிமிடத்திலேயே வந்துவிட்டால், மிச்சமுள்ள ஏழு நிமிடமும் அந்த அணி கையைக் கட்டிக்கொண்டுதான் தடுக்க வேண்டியிருக்கும்.

வளைகோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிவுதான் வாதத்தின் மிகச் சிக்கலான இடம். அங்கே அவசரப்படக் கூடாது. பருவத்தின் முடிவில் நடக்கும் தேசியப் போட்டியின் 2023 அரையிறுதியில், அதுவரை அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாத சவுத் கரோலைனாவை அயோவா 77–73 என்று வென்றது. கூடைக்கு அருகே உயரமும் பலமும் மிக்கவர்களை வைத்திருந்த அணியை எதிர்த்து, அயோவா தன் ஆட்களைக் கூடைப் பக்கம் நெருக்கி நிறுத்தி, வெளியே நின்ற சிலரை எறிந்துகொள்ளுங்கள் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டது. எறிவுகள் போதிய அளவு விழவில்லை, உத்தி வென்றது. இரண்டு நாள் கழித்து இறுதியாட்டத்தில் எல்.எஸ்.யூ. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணியின் வெளி எறிவுகள் விழுந்துகொண்டே இருந்தன. அயோவா 102 புள்ளிகளைக் கொடுத்து 102–85 என்று தோற்றது. பெண்கள் இறுதியாட்டத்தில் ஓர் அணி அதுவரை அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை.

அயோவாவின் தடுப்பாட்டம் வெள்ளிக்கிழமை நன்றாக இருந்து ஞாயிற்றுக்கிழமை கெட்டுப்போனது என்று சொல்வது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். எதிரணி எத்தனை மூன்று புள்ளி எறிவுகளை, யார் கையால், எவ்வளவு இடைவெளியோடு எறிகிறது என்பது தடுப்பவர்களின் கையில் இருக்கிறது. அவற்றில் எத்தனை விழுகின்றன என்பது ஒரு பங்குதான் அவர்கள் கையில்; ஓர் ஆட்டத்தில் அது பெரிதும் ஏறி இறங்கும். ஆகவே வாதாடும்போது விழுந்த விழுக்காட்டைவிட எறியவிட்ட எண்ணிக்கையையும் எறிந்த ஆளையும் முன்வையுங்கள். ஒருவரைத் திறந்தவெளியில் விட்டது கவனக்குறைவா, கணக்குப் போட்டு எடுத்த முடிவா என்பதும் அப்போது தெரியவரும். சவுத் கரோலைனாவின் பயிற்றுவிப்பாளர் டோன் ஸ்டேலி அந்தத் தோல்விக்குப் பிறகு வெளி எறிவு பலமான அணியுடன் வந்தார். 2023-24 பருவத்தில் அந்த அணி 38 ஆட்டங்களிலும் வென்று, இறுதியில் அதே அயோவாவை 87–75 என்று தோற்கடித்தது.

யாரை எதிர்த்துத் தடுத்தார்கள் என்பதைக் கேட்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள். நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெரிய அணிகள் சிறிய கல்லூரிகளைத் தங்கள் ஊருக்கு அழைத்து ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் வெல்வது வழக்கம். அந்த ஆட்டங்களை நீக்கிவிட்டு, ஜனவரியிலிருந்து வரும் லீக் ஆட்டங்களை மட்டும் தனியே கணக்கிட்டால் எண் பெரும்பாலும் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதுதான் செய்தி. முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தில் மாற்று வீராங்கனைகள் ஆடிய கடைசி நிமிடங்களையும் இதேபோல ஒதுக்கலாம்.

இனித் தரநிலை. “எங்கள் அணி மூன்றாம் இடம்” என்று ஒருவர் சொன்னால், “எந்தப் பட்டியலில், அக்கா?” என்று மரியாதையாகவே கேளுங்கள். லீக் புள்ளிப் பட்டியல் வெற்றி தோல்வியை மட்டும் காட்டும். ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) வரிசை ஊடகவியலாளர்களின் வாக்கு; முந்தைய வார இடத்தை ஒட்டியே வாக்குகள் நகர்வதால், தோற்காத அணி இறங்குவது அரிது. 2020-21இலிருந்து பெண்கள் ஆட்டத்துக்கும் பயன்படும் நெட் என்பது, யாரை எங்கே வென்றார்கள், வாய்ப்புக்கு எத்தனை புள்ளி எடுத்தார்கள், கொடுத்தார்கள் என்பவற்றைக் கொண்டு கணினி போடும் வரிசை. இவை எவற்றையும் அப்படியே பின்பற்றாமல், தேர்வுக்குழு ஒன்று கூடித் தேசியப் போட்டிக்கான 68 அணிகளை வரிசைப்படுத்துவது நான்காவது. பயன் உள்ளது இந்த நான்காவதில்தான், ஏனெனில் முதல் பதினாறு இடங்களில் வரும் அணிகளே முதலிரு சுற்றுகளைத் தங்கள் சொந்த அரங்கில் நடத்துகின்றன. 15ஆம் இடமா 18ஆம் இடமா என்று சண்டை போடுவதற்குப் பொருள் உண்டு; 5ஆ 6ஆ என்பதற்கு அவ்வளவு இல்லை.

பலவீனமான லீக்கில் ஆடும் அணியைப் பற்றிய வாதத்துக்கு 2025 நல்ல பாடம். யூகொன் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) பிக் ஈஸ்ட் என்ற லீக்கில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை, ஆனாலும் தேர்வுக்குழு, அணிகளைப் பிரிக்கும் நான்கு பிராந்தியங்களில் அதற்குரியதில் இரண்டாம் இடமே கொடுத்தது. லீக்குக்கு வெளியே பலமான அணிகளிடம் அது கண்ட மூன்று தோல்விகளை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நியாயமானதே. பின்னர் அரையிறுதியில், ஒட்டுமொத்த வரிசையில் முதலிடம் பெற்றிருந்த யூ.சி.எல்.ஏ.வை 85–51 என்றும், இறுதியில் சவுத் கரோலைனாவை 82–59 என்றும் யூகொன் வென்றது. குழு தவறிவிட்டது என்று இதைக் காட்டி வாதாடுவோர் உண்டு. குழு மார்ச் நடுப்பகுதி வரை நடந்ததைத்தான் மதிப்பிட்டது, ஏப்ரலில் நடக்கப்போவதை அல்ல. “இதுவரை எப்படி ஆடினார்கள்” என்பதைப் பற்றி வாதாடுகிறீர்களா, “இனி யார் வெல்வார்” என்பதைப் பற்றியா என்று தொடக்கத்திலேயே எதிராளியுடன் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.

எல்லா ஆட்டங்களையும் நேரலையில் பார்ப்பது இங்கிருந்து இயலாது. அமெரிக்கக் கிழக்கு மாநிலங்களில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஜனவரியில் நமக்கு விடிகாலை ஐந்தரை. அங்கே கடிகாரத்தை மாற்றிய பின் மார்ச்சில் நாலரை. பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களுக்கு முதல் பாதி மட்டுமே கிடைக்கும் நாட்கள் உண்டு. அப்படியானால் வாரத்துக்கு ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்: உங்கள் அணி வெளியூரில், தனக்குச் சமமான அணியோடு ஆடும் ஆட்டம். அதில் முதற்பாதியைப் பார்த்து, எதிர்ப்பக்கத் தடுப்பையும் ஐந்தாவது ஃபவுலின் நிமிடத்தையும் குறித்து, மாலையில் புள்ளிவிவரத் தாளை எடுத்து வாய்ப்புக் கணக்கைப் போட்டுவிட்டால், சொந்த அரங்கில் வென்ற நான்கு ஆட்டங்களைக் காட்டிப் பேசுபவருக்குப் பதில் சொல்ல அது போதும்.