இரண்டு பேட்டரிகள், ஒரு டிரோலிங் மோட்டார்: இணைப்பதும் பேணுவதும்

மீன்பிடிப் படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டார்தான் டிரோலிங் மோட்டார். அது சிறியதென்றால் ஒரு 12 வோல்ட் பேட்டரியே போதும். 80 பவுண்டு உந்துவிசை கொண்ட மோட்டார் 24 வோல்ட் கேட்கும். அப்போது இரண்டு பேட்டரிகள் வேண்டும். இரண்டும் ஒரே வகை, ஒரே கொள்ளளவு, ஒரே வயது. நான் பழையதோடு புதியதைச் சேர்த்துக் காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தேன். ஏரி நடுவில் பழையது படுத்துவிட்டது. துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தேன்.

கடையில் ‘டீப் சைக்கிள்’ பேட்டரி என்று கேட்டு வாங்குங்கள். கார் பேட்டரி இஞ்சினைக் கிளப்பத்தான், மணிக்கணக்கில் உழைக்காது.

1. இரண்டையும் தனித்தனியே முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா விட்டு, மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஈய-அமில பேட்டரி என்றால் 12.6, 12.7 வோல்ட் என்று காட்டும். ஒன்று 12.7, மற்றது 12.3 என்றால் இணைக்காதீர்கள்.

2. மோதிரத்தைக் கழற்றுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். முதல் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து இரண்டாவதன் மைனஸுக்கு ஒரு குட்டைக் கம்பி. அவ்வளவுதான். மிச்சமுள்ள இரண்டு முனைகளையும் இன்னொரு கம்பியால் சேர்த்துவிடக் கை பரபரக்கும். சேர்த்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட், கம்பி பழுத்துத் தீப்பிடிக்கும். அந்த முனைகளில் மல்டிமீட்டரை வைத்தால் 25 வோல்ட்டுக்குச் சற்று மேல் வர வேண்டும். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் பிளஸ்ஸோடு பிளஸ்ஸையோ மைனஸோடு மைனஸையோ சேர்த்திருக்கிறீர்கள்.

3. மிச்சமுள்ள அந்த இரண்டு முனைகளும் மோட்டாருக்கு. மோட்டாருக்குப் போகும் பிளஸ் கம்பியில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, 60 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர். அதை அணைத்து வைத்துவிட்டு மோட்டாரை இணையுங்கள்.

மீன் தேடும் கருவிக்கு இவற்றில் ஒன்றிலிருந்து 12 வோல்ட் எடுக்க ஆசை வரும். எடுத்தால் அந்த ஒன்று மட்டும் இளைத்துப்போகும். கருவிக்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி கொடுங்கள்.

முழு வேகத்தில் மோட்டார் ஏறக்குறைய 50 ஆம்பியர் இழுக்கும். ஒவ்வொன்றும் 100 ஆம்பியர்-மணி உள்ள ஜோடி இரண்டு மணி நேரம் வரும் என்பது காகிதக் கணக்கு. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. ஆகவே ஒரு மணி நேரம் வந்தாலே பெரிது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பல மடங்கு நேரம் கிடைக்கும்.

கரைக்கு வந்த அன்றிரவே சார்ஜ் போடுங்கள். இரட்டை வெளியீட்டுச் சார்ஜர் ஒவ்வொரு பேட்டரியையும் தனியே கவனிக்கும். இரண்டையும் சேர்க்கும் குட்டைக் கம்பியைக் கழற்ற வேண்டியதில்லை. வாங்கிய மாதத்தை இரண்டின் மீதும் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன், ஒன்று போனால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவதற்கு.