குமரியிலிருந்து குற்றவியல் எம்.ஏ.: விண்ணப்பிப்பதற்கு முன்னால் அந்த ஒரு காகிதத்தை வாங்கிவிடுங்கள்

சித்தி மகள் டிகிரி முடித்துவிட்டு, "அக்கா, நீ படிச்ச அந்தக் குற்றவியல் கோர்ஸுல எப்படி சேருறது?" என்று கேட்டாள். ஏழெட்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதியே வைக்கிறேன். ஆன்லைனில் ஃபார்ம் நிரப்புவது, பணம் கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. இது என்ன படிப்பு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

குற்றம் ஏன் நடக்கிறது, போலீஸும் நீதிமன்றமும் சிறையும் எப்படி வேலை செய்கின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது, இதுதான் பாடம். இதை முடித்தால் கறுப்புக் கோட்டு போட முடியாது, அதற்குச் சட்டப் படிப்பு வேண்டும். ரத்தக்கறை, கைரேகை, ஆய்வகம் என்று ஆசை இருந்தால் அது தடய அறிவியல், அதற்குப் பொதுவாக அறிவியல் பட்டம் கேட்பார்கள். குற்றவியலுக்குப் பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு டிகிரி போதும். நான் பி.ஏ. வரலாறு. எங்கள் மாமா இன்னமும் நான் எஸ்.ஐ. ஆகப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எஸ்.ஐ. தேர்வு எழுத வெறும் டிகிரியே போதும், அதற்காக இரண்டு வருஷம் எம்.ஏ. படிக்க வேண்டியதில்லை.

எந்த வேலைக்குப் போக நினைக்கிறீர்களோ, அதன் பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்து, கல்வித் தகுதி வரியில் இந்தப் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சேர்ந்த பிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

2. எங்கே

நம்ம பக்கத்துக்கு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம்தான் கைக்கெட்டும் தூரம். திருநெல்வேலி தாண்டி அபிஷேகப்பட்டியில் இருக்கிறது, குற்றவியலுக்குத் தனித் துறையே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. நாகர்கோவில் வடசேரியில் எண்ட் டு எண்ட் (நடுவில் நிற்காத) பஸ் பிடித்தால் நெல்லை வரை உட்கார்ந்தே போய்விடலாம், அதற்கப்புறம்தான் பஸ் மாறி அலைச்சல். மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் உள்ளவர்கள் தினமும் போய் வரலாம் என்று நினைக்காதீர்கள், ஹாஸ்டல்தான் சரி.

3. சான்றிதழ்கள் (நான் விழுந்த இடம்)

நம்ம மாவட்டத்தில் பாதிப்பேர் எல்லை தாண்டி திருவனந்தபுரத்தில் டிகிரி படிக்கிறோம். நானும் அப்படித்தான். மார்க் லிஸ்ட், ப்ரொவிஷனல், டி.சி. எல்லாம் நீட்டாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் சரிபார்த்த அலுவலக அம்மா ஒவ்வொரு தாளாக எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டே வந்து கடைசியில் நிமிர்ந்து, "மைக்ரேஷன் எங்கம்மா?" என்றார். நான் டி.சி.யை எடுத்து நீட்டினேன். "இது காலேஜ் குடுத்தது. யுனிவர்சிட்டி குடுக்கிறது ஒண்ணு இருக்கு, அது வேணும்." அன்றைக்கு வரை இரண்டும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்! வெள்ளைத்தாளில் உறுதிமொழி எழுதிக் கொடுத்து, அவகாசம் வாங்கி, மறுநாள் காலையிலேயே களியக்காவிளை பஸ்ஸில் ஏறினேன்.

ஆக, ஒரு பல்கலைக்கழகத்தில் டிகிரி, வேறொன்றில் எம்.ஏ. என்றால் மைக்ரேஷன் சான்றிதழ் வேண்டும். ரிசல்ட் வந்த வாரமே ப்ரொவிஷனலோடு சேர்த்து இதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள். நாகர்கோவில் ஸ்காட், இந்துக் கல்லூரி, மார்த்தாண்டம் நேசமணி கல்லூரி இதெல்லாம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால், அங்கே படித்தவர்கள் அபிஷேகப்பட்டிக்கே போனால் இந்தத் தொல்லை இல்லை. சென்னைக்குப் போனால் உண்டு.

இன்னொரு கண்ணி, இனிஷியல். பிளஸ் டூ மார்க் லிஸ்டில் என் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து, டிகிரியில் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி வைத்தேன். உங்கள் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஸ்கேனுக்கு ஜெராக்ஸ் கடைதான் என் ஓட்டு. மொபைலில் எடுத்தால் ஓரம் வளைகிறது, சீல் தெரிவதில்லை.

4. படிக்க

கைடு வாங்காதீர்கள், அதுவும் பழைய கைடு வாங்கவே வாங்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய சட்டத்தில் 302-ஆக இருந்த, கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு இப்போது 103. புதிய சட்டத்தில் 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு பற்றியது, பரீட்சையில் பழக்கதோஷத்தில் எழுதிவிட்டால் போச்சு. 420 என்ற பிரிவே கிடையாது, சட்டம் 358-லேயே முடிந்துவிடுகிறது, மோசடி 318-இல் இருக்கிறது. (ஊரில் திட்டுவதற்கு மட்டும் 420 இன்னும் செல்லும்.) அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. நான் ஒரு நோட்டில் இடது பக்கம் பழைய எண், வலது பக்கம் புதிய எண் என்று கையால் எழுதினேன். எந்த ஆப்பும் அந்த நோட்டுக்கு ஈடில்லை.

சட்டத்தின் முழு வாசகம் மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசம். பாடங்களுக்கு இ-பிஜி பாடசாலா என்ற முதுகலைப் பாடத் தளம். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையிலிருந்தே எடுங்கள், செய்தித்தாள் துண்டிலிருந்து எடுத்தால் ப்ராஜெக்டில் கையும் களவுமாகப் பிடிபடுவீர்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஓ.பி.சி. சான்றிதழ் பற்றிக் கேட்டார்கள். மத்திய அரசு நிறுவனங்களுக்கோ நெட் தேர்வுக்கோ (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வு) விண்ணப்பித்தால் நம்ம பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது. கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்று சொல்லும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். நெட் தேர்வில் குற்றவியல் தனிப்பாடமாகவே இருக்கிறது, பொதுப்பிரிவுக்கு எம்.ஏ.வில் 55 சதவீதம், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம் வேண்டும். சித்தி மகளுக்கு மைக்ரேஷன் போன வாரம் வந்துவிட்டது. லேமினேட் பண்ணப் போனாள், நல்லவேளை கடை வாசலிலேயே போன் பண்ணித் தடுத்துவிட்டேன்.