உலக இலக்கியமும் சமூகவியலும்: ஆய்வேட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஆய்வேட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிற பிள்ளைகள் பலர் இப்போது உலக இலக்கியக் கோட்பாடு பக்கம், அதாவது நூல்கள் நாடும் மொழியும் தாண்டி எப்படிப் போகின்றன என்று பார்க்கிற பக்கம் போகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில் சறுக்குகிறார்கள். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை எல்லாம் திருத்திக்கொள்ளலாம், அவற்றை விடுவோம்.

கதேயிலேயே நின்றுவிடுவது

ஜெர்மன் கவிஞர் கதே 1827இல் 'உலக இலக்கியம்' பற்றிச் சொன்னதற்கு ஒரு பந்தி போதும்.

'விளிம்பு' என்று எழுதிவிட்டு நிறுத்துவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அமெரிக்கச் சமூகவியலாளர் வாலர்ஸ்டைன் 1974இல் உலகப் பொருளாதாரத்தை மையம், அரை விளிம்பு, விளிம்பு என்று பிரித்தார். யாருடைய உழைப்பின் பலன் எங்கே போய்ச் சேருகிறது என்கிற கணக்கு அது. இத்தாலிய இலக்கிய ஆய்வாளர் மொரெற்றி 2000இல் அதை நாவலுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முந்தைய வருடம் பிரெஞ்சு விமர்சகர் கசனோவா, பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவின் 'புலம்' (தனக்கென்று விதிகள் உள்ள போட்டிக் களம்) என்ற கருத்தை எடுத்து, எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் அங்கீகாரத்துக்காக மோதுகிற ஓர் உலக வெளியை வரைந்து காட்டினார். இரண்டும் வேறு வேறு கருவிகள். பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்து, தமிழ் விளிம்பில் இருக்கிறது என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

பணமும் படையும் இருக்கிற இடம்தான் இலக்கிய மையம் என்று கசனோவா சொல்லவே இல்லை. 1922இல் பேரரசின் தலைநகர் லண்டன், ஆனால் அயர்லாந்துக்காரர் ஜாய்ஸின் ஆங்கில நாவல் 'யுலிஸிஸ்' புத்தகமாக வந்தது பாரிஸில். அந்த இடைவெளியைப் பார்க்கத்தானே பூர்தியூ தேவைப்படுகிறார்?

ஒரு மாணவி தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி'யை எடுத்திருந்தார். எங்கள் ஊர்க்காரர், 1895இல் வந்த நாவல், தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று சொல்லப்படுவது. அத்தியாயம் முழுக்க ஐரோப்பிய மையம், ஈழத்து விளிம்பு என்றே போனது. "பிள்ளை, இது எங்கே அச்சானது?" என்று கேட்டேன். சென்னையில் என்றார். அப்படியென்றால் லண்டனுக்கும் திருகோணமலைக்கும் நடுவில் சென்னை என்று ஒரு மையம் இருக்கிறதே, நூலாசிரியர் ஏன் அங்கே போனார், நாயக்கர் காலக் கதையை ஏன் எடுத்தார், வாங்கி வாசித்தது யார்? ஒன்றுக்கும் அத்தியாயத்தில் பதில் இல்லை. சமர்ப்பிக்கிற நாள் நெருங்குகிற நேரத்தில் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. கவிஞர் பிரமிள் 1960களில் இங்கிருந்து சென்னை 'எழுத்து' இதழுக்குக் கவிதை அனுப்பியதையும் இதே கேள்விகளோடு பாருங்கள். தமிழுக்குள்ளேயே மையமும் விளிம்பும் உண்டு, அதைத் தொடாத ஆய்வேட்டில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

சமூகவியல் என்றால் புள்ளிவிவரம் என்று நினைப்பது

இல்லை. எங்கே அச்சானது, யார் வாசித்தது என்று மேலே கேட்டவையும் சமூகவியல் கேள்விகள்தான்.

மொரெற்றியைச் சாட்டி நூலை வாசிக்காமல் விடுவது

தூரத்திலிருந்து வாசிப்பது (ஒவ்வொரு நூலாக அல்லாமல் பல நூல்களின் பொதுப்போக்கைப் பார்ப்பது) என்று அவர் சொன்னது, மற்றவர்கள் உன்னிப்பாக வாசித்து எழுதியதை வைத்துத்தான். எங்கள் பழைய நாவல்கள் பலவற்றுக்கு அப்படி எழுதியவர்களே குறைவு. அப்புறம் எதை வைத்துத் தூரத்திலிருந்து பார்ப்பது?

கைலாசபதியைத் தாண்டிப் போவது

ஈழத்து மார்க்சிய விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் பேர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர்கள். 1968இல் வந்த கைலாசபதியின் ஆங்கில நூல் சங்க வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு வைத்துப் பார்க்கிறது, 'தமிழ் நாவல் இலக்கியம்' சமூக மாற்றத்தோடு சேர்த்து நாவலை வாசிக்கிறது. கசனோவாவுக்கு முப்பது வருடம் முந்திய வேலை இது. நூற்பட்டியலில் பெயரைப் போட்டுவிட்டு நகராதீர்கள். அவர் வர்க்கம் என்று பார்த்த இடத்தில் பூர்தியூ வேறு எதைப் பார்த்திருப்பார் என்று ஒரு அத்தியாயம் எழுதிக்கொண்டு வாருங்கள், நான் உட்கார்ந்து முழுவதும் வாசிக்கிறேன்.