முதல் ஆம்ப்ளிஃபயர் கிட்டுக்கு ஈயம் வைக்கும் பக்குவம்

டிடிஏ2030 என்ற ஒலிபெருக்கி ஐ.சி. கொண்ட சிறிய ஆம்ப்ளிஃபயர் கிட்டை முதன்முறையாகச் செய்தவருக்குப் பாட்டுக்குப் பதில் கரகரப்பு கேட்டால், குற்றம் பெரும்பாலும் உதிரிப்பாகங்களில் இருக்காது. சூடு போதாமல் வைத்த ஈயத்தில்தான் இருக்கும்.

காவிரிப் படுகையில் இதற்கு இரண்டு கூடுதல் காரணங்கள் உண்டு. குறுவைக்குப் பம்புசெட்டுகள் ஓடும் வேளையில் எங்கள் ஊரில் 230 வோல்ட் இருக்க வேண்டிய மின்சாரம் 180 வரை இறங்கிவிடும். ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்னின் திறன் மின்னழுத்தத்தின் இருமடி விகிதத்தில் குறைவதால், 25 வாட் அயர்ன் அப்போது ஏறத்தாழ 15 வாட் அயர்னாகிவிடுகிறது. ஆகவே மல்ட்டிமீட்டரில் வோல்டேஜைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. இரண்டாவது காரணம் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போர்டின் செம்பும் உதிரிப்பாகங்களின் கால்களும் கறுத்துவிடும். பென்சில் அழிப்பானால் பளிச்சென்று ஆகும்வரை தேய்த்த பிறகே ஈயத்தைத் தொட வேண்டும். கும்பகோணத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் முதலில் நவச்சாரம் தேய்ப்பதும் உலோகத்தின் மேலுள்ள இந்த அழுக்கை எடுக்கத்தான். ஈயக்கம்பியின் நடுவிலுள்ள ரோசின் என்ற பிசின் நமக்கு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நவச்சாரமோ அமிலப் பேஸ்ட்டோ போர்டில் தங்கினால் செம்பை அரித்துவிடும் என்பதால் அவற்றை அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

அயர்னின் முனையான பிட்டை ஈரப் பஞ்சில் துடைத்து, நுனியில் சிறிது ஈயம் ஏற்றி, செம்பு வட்டத்தையும் காலையும் ஒருசேரத் தொடுமாறு ஓரிரு நொடிகள் வைக்க வேண்டும். ஈயக்கம்பியைப் பிட்டில் அல்ல, எதிர்ப்பக்கத்தில் காலின் மேல் வைத்தால், சூடு சரியாக ஏறியிருக்கும்பட்சத்தில், ஈயம் தானே உருகி வட்டம் முழுதும் பரவிக் காலின் மேல் வழுவழுப்பான சரிவாக ஏறும். சூடு ஏறாத செம்பின் மேல் அது தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நிற்கும். மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்று சொல்வது இதைத்தான். முதலில் கம்பியையும் பிறகு அயர்னையும் எடுத்து, மூச்சுவிடும் நேரம் எதையும் அசைக்காமல் இருக்க வேண்டும். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 183 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே கூழாக இருக்கும்போது கால் அசைந்தால் இணைப்பு மங்கி உள்ளே விரிசல் விட்டுவிடும். என் முதல் கிட்டில் வால்யூம் கன்ட்ரோலின் ஒரு கால் இப்படித்தான் ஆனது. மேசையைத் தட்டினால்தான் பாடும்.

ஐ.சி.யை, அதன் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் திருகி முடுக்கிய பிறகே அதன் கால்களுக்கு ஈயம் வைக்க வேண்டும். இல்லையேல் திருகும்போது கால்கள் இழுபட்டு இணைப்பு விட்டுப்போகும். டிடிஏ2030இன் உலோக முதுகு மூன்றாம் காலோடு, அதாவது நெகட்டிவ் சப்ளையோடு சேர்ந்தது என்பதால், பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டு சப்ளையும் உள்ள டூயல் சப்ளை கிட்டில் இடையே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காவிட்டால் ஹீட்சிங்க் பெட்டியில் படும் கணமே ஷார்ட்தான்.

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது ஸ்பீக்கரை இணைக்காமல், 60 வாட் குண்டு பல்பை மின் இணைப்புக் கம்பியில் தொடராக (சீரீஸில்) போட்டுக் கொடுங்கள். பல்பு மின்னி மங்கினால் அவுட்புட்டில் டி.சி. வோல்டேஜை அளந்து, அது சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். பல்பு மங்காமல் எரிந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மைக்காவிலிருந்து தேடத் தொடங்குங்கள்.