விக்கா: தனியாகத் தொடங்குகிறவர்களுக்கு

தேவியையும் தேவனையும் நிலவு, பருவங்களின் சுழற்சியோடு சேர்த்து வணங்கும் மதம் விக்கா. அதற்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது, சடங்குக் கத்தியும் கிண்ணமும் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள் என்பதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அமாவாசை முதல் அமாவாசை வரை நிலவைப் பார்த்து, உங்கள் மனநிலையையும் கனவுகளையும் அதில் எழுதுங்கள். பின்னாளில் அதுவே உங்கள் 'நிழல்களின் நூல்', அதாவது சடங்குகளையும் அனுபவங்களையும் எழுதிவைக்கும் சொந்த ஏடு, ஆகும். கையால் எழுதுங்கள், எழுதியதுதான் மனத்தில் தங்கும்.

இது கற்காலம் முதல் அறுபடாமல் வந்த மதம் என்று சிலர் சொல்வார்கள். அதற்குச் சான்று இல்லை. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயர் ஜெரால்டு கார்ட்னர், பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீங்கிய பிறகு, 1954இல் எழுதிய நூலின் மூலம் இதை உலகறியச் செய்தார். 1953இல் அவரிடம் தீட்சை பெற்ற டோரீன் வேலியன்ட் சடங்கு உரைகளைத் திருத்தி, பலவற்றைத் தாமே புதிதாக எழுதினார். இன்றும் பௌர்ணமியில் நாங்கள் சொல்லும் வரிகளின் அழகு அவர் தந்தது. வயது குறைந்த மதம் என்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பெரும்பாலோர் தேவியையும் கொம்புடைய தேவனையும் வணங்குகிறோம். தேவியைக் கன்னி, தாய், கிழவி என மூன்று வடிவங்களில் காண்பதுண்டு. சாத்தானுக்கு இங்கே இடமே இல்லை. நெறி ஒன்றுதான்: யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய். ஒருவரை வசியம் செய்து காதலிக்கவைப்பது அவருடைய விருப்பத்தைப் பறிப்பது; அதற்காக வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

பௌர்ணமியன்று சடங்கைச் செய்து பாருங்கள். இடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டுக் கிழக்கு நோக்கி நில்லுங்கள். சுட்டுவிரலை நீட்டி, ஒளிக்கோடு வரைவதாக எண்ணி, வலமாக ஒரு வட்டம் சுற்றி வாருங்கள். அவசரம் வேண்டாம், வட்டம் உங்களுக்கு உண்மையாகத் தோன்றும்வரை சுற்றலாம். பிறகு கிழக்கில் காற்றையும், தெற்கில் நெருப்பையும், மேற்கில் நீரையும், வடக்கில் நிலத்தையும் அழையுங்கள். நடுவில் மெழுகுவத்தி ஏற்றி, தேவியிடம் சொந்தச் சொற்களில் பேசுங்கள். மனப்பாடம் செய்த செய்யுளைவிடத் தட்டுத்தடுமாறி வரும் சொல்லே மேல். ரொட்டியும் பழச்சாறும் உண்டு, கொஞ்சம் மண்ணுக்குப் படையுங்கள். அழைத்த திசைகளுக்கு நன்றி சொல்லி, வந்த வழிக்கு எதிராகச் சுற்றி வட்டத்தைக் கலையுங்கள். மெழுகுவத்தியை அணைத்த பிறகே வெளியேறுங்கள்.

ஆண்டுக்கு எட்டுப் பெருவிழாக்கள் உண்டு: சௌவின், யூல், இம்போல்க், ஒஸ்டாரா, பெல்ட்டேன், லிதா, லூனசா, மேபன். இவற்றில் நான்கு, பகலும் இரவும் சமமாகும் நாள்களிலும், பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் இருக்கும் நாள்களிலும் வருபவை. தென்கோளத்தில் பருவம் தலைகீழ் என்பதால் அங்கே பலர் குளிர்கால நடுவிழாவான யூலை ஜூனில் கொண்டாடுகிறார்கள். தேதியைவிட உங்கள் வாசலுக்கு வெளியே இருக்கும் பருவத்தைப் பின்பற்றுவதே சரி என்பேன்.

குழுவில் சேர விரும்பினால் பொறுமை வேண்டும். தீட்சைக்கு முன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் படிக்கச் சொல்வது பழைய வழக்கம். கார்ட்னர் மரபில் தீட்சைக்குக் காசு வாங்கக் கூடாது. பணம் கேட்டாலோ, உடம்பு கூசும் எதற்காவது வற்புறுத்தினாலோ, அன்றே விலகிவிடுங்கள். தனியாக வழிபடுகிறவர்களும் முழுமையான விக்கர்களே.